ராஸ் மீன்களைச் சேர்த்து வளர்ப்பது: எந்தக் கூட்டணி நிலைக்கும்?

கடல்நீர்த் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்க்கும் பலருக்கும் ஒரு கட்டத்தில் ராஸ் (wrasse) என்ற கடல்மீன் குடும்பத்தின்மேல் பைத்தியம் பிடிக்கும். பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நிறத்தில் ஏஞ்சல் மீனுக்கோ பட்டர்ஃபிளை மீனுக்கோ அவை சளைத்தவை அல்ல. அவற்றைப் போலப் பவளத்தைக் கொறித்துப் பார்க்கும் கெட்ட பழக்கமும் சிறிய ராஸ் இனங்களுக்குக் கிடையாது. பாறைக்குள் முடங்காமல் பகல் முழுவதும் கண்ணில் படும்படி நீந்துகின்றன. ஒன்றை வாங்கியவர் இரண்டாவதைத் தேடுவது இயல்பு. எதனுடன் எதைச் சேர்ப்பது என்ற கேள்வி அந்த இரண்டாவது மீனில்தான் ஆரம்பமாகிறது.

ராஸ் குடும்பத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஒரு முனையில் விரல் நீளமே வளரும் பொசம் ராஸ். மறுமுனையில் 2 மீட்டரைத் தொடக்கூடிய நெப்போலியன் ராஸ். ஆகவே ‘ராஸ் மீன்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. வீட்டுத் தொட்டியில் நடைமுறைக்கு வரக்கூடிய கூட்டணிகள் நான்கைந்துதான். அவற்றை ஒப்பிடும்போது பலரும் வாங்கும் நாளின் அழகை வைத்து முடிவெடுக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் அந்தத் தொட்டி எப்படி இருக்கும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. ராஸ் விஷயத்தில் இந்த இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதற்குக் காரணம் அவற்றின் பாலின மாற்றம்.

பெண்ணாகத் தொடங்கி ஆணாக முடியும் மீன்

ராஸ் இனங்களில் பெரும்பாலானவை பெண்ணாக வளர்ந்து பிற்பாடு ஆணாக மாறுபவை. கூட்டத்தின் ஆண் இறந்தாலோ காணாமல் போனாலோ பெண்களில் பெரியது அந்த இடத்தைப் பிடிக்கும். 1972இல் உயிரியலாளர் டி. ஆர். ராபர்ட்சன், ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், மற்ற மீன்களின் ஒட்டுண்ணியைத் தின்னும் கிளீனர் ராஸ் கூட்டங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டியது. ஆணை அகற்றிய சில மணி நேரத்துக்குள்ளேயே மூத்த பெண் ஆணைப் போல மற்றவற்றை விரட்டத் தொடங்கிவிடுகிறது; இரண்டு, மூன்று வாரங்களுக்குள் அது விந்து வெளியிடும் ஆணாகவே ஆகிவிடுகிறது. உடல் மாறும் முன்பே நடத்தை மாறிவிடுகிறது என்பதுதான் தொட்டி வைத்திருப்பவர் கவனிக்க வேண்டிய செய்தி. நிறம் மாறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால், அதற்குள் சண்டை நடந்து முடிந்திருக்கும்.

எனவே இன்று வாங்கும் மூன்று பெண் மீன்கள் அடுத்த ஆண்டும் மூன்று பெண்களாகவே இருக்கும் என்று எண்ணக் கூடாது. வளர்ந்த ஆண் பெரும்பாலும் ஆணாகவே நிலைக்கும். ஆண் மீண்டும் பெண்ணாகத் திரும்புவது கிளீனர் ராஸ் உட்பட சில இனங்களில் பதிவாகியிருக்கிறது என்றாலும், அதை நம்பி யாரும் தொட்டி அமைக்க முடியாது.

ஓர் ஆண், பல பெண்கள்

முதல் தேர்வு, ஒரே இனத்தில் ஓர் ஆணும் இரண்டு மூன்று பெண்களும். கடைகளில் அதிகம் கிடைக்கும் சிறிய ராஸ் வகைகளான ஃபேரி ராஸ், ஃபிளாஷர் ராஸ் இரண்டுமே கடலில் இப்படித்தான் கூட்டமாக வாழ்கின்றன. இயற்கையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவதாகத் தோன்றும் என்பதால் புதிதாக வருபவர்களுக்கு இதன்மேல்தான் முதலில் ஆசை வரும்.

இதன் பெரிய லாபம் ஆணின் நிறம். பெண் எதுவும் இல்லாத தொட்டியில் ஆண் ஃபேரி ராஸ் நாளடைவில் மங்கிப்போவதை வளர்ப்பவர்கள் பலர் கண்டிருக்கிறார்கள். தன்னைக் காட்டிக்கொள்ள ஆளில்லாதபோது உச்ச நிறத்தை வைத்திருக்க அதற்கு அவசியம் இல்லை. பெண்கள் இருந்தால் தினமும் ஆட்டம் உண்டு. ஃபிளாஷர் ராஸின் ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. பகல் முழுவதும் செங்கல் நிறத்தில் சாதாரணமாகத் திரியும் சுண்டுவிரல் நீள மீன், மாலை விளக்கு மங்கும் நேரத்தில் திடீரென்று முதுகுத் துடுப்பையும் அடித்துடுப்பையும் முழுவதுமாக விரித்து நிறுத்தும். முதுகுத் துடுப்பிலிருந்து மெல்லிய இழைகள் நீண்டு நிற்கும். பக்கவாட்டுக் கோடுகள் நீலமாகப் பற்றிக்கொள்ளும். அந்தக் கோலத்தில் பெண்களின் குறுக்கே ஒரு பாய்ச்சல். சில விநாடிகள்தான், துடுப்பு மடங்கியதும் மறுபடி பழைய செங்கல் நிறம்.

இனி நஷ்டக் கணக்கு. ஃபேரி ராஸ் பெண்களை அடையாளம் காண்பது நிபுணர்களுக்கே கடினம். பல இனங்களின் பெண்களும் இளம் மீன்களும் இளஞ்சிவப்பாக, வாலடியில் ஒரு கரும்புள்ளியுடன் ஒன்றுபோலவே இருக்கும். கடையில் ‘பெண்’ என்று தருவது வேறோர் இனத்தின் பெண்ணாக இருக்கலாம். ஆணாக மாறத் தொடங்கிவிட்ட மீனாகவும் இருக்கலாம். நிறம்தான் விலைபோகும் என்பதால் பெண்கள் விற்பனைக்கு வருவதும் குறைவு. எப்படியோ தேடிப் பிடித்துச் சேர்த்தாலும், ஆண் கண்டிப்பாக அடக்கி வைத்திருக்கும்வரைதான் பெண்கள் பெண்களாக இருக்கும். ஆண் நோயில் விழுந்தாலோ, பாறைகள் தொட்டியை இரண்டாகப் பிரித்து ஒரு பெண் அதன் பார்வைக்கு அப்பால் வாழ்ந்தாலோ இரண்டாவது ஆண் உருவாகிவிடும். ஒரே இனத்தின் இரண்டு ஆண்கள் சாதாரண அளவுத் தொட்டியில் ஒத்துப்போவது அரிது. தோற்றது கிழிந்த வாலுடன் தண்ணீர் வழியும் மூலையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். உணவுக்குக்கூட வெளியே வராது.

ஆகவே ஃபேரி ராஸில் இந்தத் திட்டத்தை 6 அடிக்குக் குறைவான தொட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபிளாஷர் ராஸுக்கு அந்தக் கடுமை வேண்டாம். அவை 7, 8 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடுபவை, குணத்திலும் சாது. மெக்காஸ்கர், கார்ப்பெண்டர், ஃபிலமெண்டோசஸ் போன்ற இனங்களில் ஓர் ஆணும் மூன்று பெண்களும் 4 அடித் தொட்டியில் நன்றாகவே வாழும். செங்கடலின் எட்டுக்கோடு ஃபிளாஷர் மட்டும் அந்தக் குடும்பத்தில் முரடு. அதைச் சாதுக்களின் கணக்கில் சேர்க்காதீர்கள். பெண்களை முதலில் விட்டு, அவை உணவுக்கு வந்து பழகிய பிறகு ஆணை விடுவது நல்லது. ஆண்தான் முதலில் என்று போய்விட்டால் வருகிற ஒவ்வொரு பெண்ணும் துரத்தலோடுதான் வாழ்க்கையைத் தொடங்கும். ஃபிளாஷர் இனங்கள் கடலிலேயே ஒன்றோடொன்று கலப்பவை என்பதால் பெண் வேறு இனமாக அமைந்துவிட்டாலும் ஆண் அதை ஒதுக்குவதில்லை. ஃபேரி ராஸைவிட இங்கே அடையாளத் தவறு அவ்வளவாகப் பாதிக்காது.

ஆண்கள் மட்டும், ஆனால் வெவ்வேறு இனம்

அனுபவசாலிகள் பலரின் தொட்டியில் காண்பது இதுதான்: மூன்று நான்கு ஃபேரி ராஸ், ஒவ்வொன்றும் ஒவ்வோர் இனம், எல்லாமே வளர்ந்த ஆண். பார்ப்பதற்குப் போர்க்களத்துக்கு ஏற்பாடு செய்ததுபோல் இருக்கும். உண்மையில் முந்தைய திட்டத்தைவிட இது அமைதியானது. எல்லாம் பால் மாற்றத்தின் கடைசிப் படியில் நிற்பவை, இதற்குமேல் மாறப்போவதில்லை. வாங்கிய நாளில் இருந்த கூட்டம்தான் இரண்டாம் ஆண்டிலும் இருக்கும்.

ராஸ் மீனின் ஆத்திரம் பெரும்பாலும் தன்னைப்போல் தோன்றும் மீனின்மேல்தான் பாயும். 2014இல் வெளியான ஓர் ஆய்வு இதன் ஒரு பக்கத்தைக் காட்டியது. சொலோரென்சிஸ் என்ற ஃபேரி ராஸின் ஆண் உடலிலிருந்து ஆழ்ந்த சிவப்பு ஒளிர்வு வெளிப்படுகிறது. கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்க்கும் ஆண், அந்தச் சிவப்பு தெரியும்போது கூடுதலாகச் சீறுகிறது; வடிகட்டி வைத்துச் சிவப்பை மறைத்தால் சீற்றம் குறைகிறது. நம் கண்ணுக்கு எட்டாத அடையாளத்தை வைத்தும் அவை எதிரியைத் தேர்ந்தெடுக்கின்றன என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே இரண்டு இனங்களைச் சேர்க்கும்போது பெயர் வேறாக இருந்தால் மட்டும் போதாது. உருவமும் உறவும் வேறாக இருக்க வேண்டும். சொலோரென்சிஸும் சயனோப்ளூராவும் நெருங்கிய உறவினர். ஒரு தொட்டிக்கு இரண்டில் ஒன்று போதும். ருப்ரிவென்ட்ராலிஸும் நவோகோவேயும் அப்படித்தான். லுபாக், எக்ஸ்குவிசிட், ருப்ரிவென்ட்ராலிஸ் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்றைச் சேர்த்தால் சில நாள் துடுப்பு விரிப்போடு விவகாரம் முடிந்துவிடும். துடுப்பு விரித்துப் பக்கவாட்டில் நின்று மிரட்டுவது பேச்சுவார்த்தை. அதைக் கண்டு பதற வேண்டாம். ஒன்று மற்றொன்றைத் தொட்டியின் முழு நீளத்துக்கும் துரத்திக்கொண்டு போய்க் கடித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஸ்காட் ஃபேரி ராஸ் பற்றி ஒரு வார்த்தை. பச்சையும் சிவப்புமாக, ஃபேரி ராஸ்களிலேயே அழகில் முதல் வரிசை. முன்கோபத்திலும் முதல் வரிசை. 13 சென்டிமீட்டர் வரை வளரும். அது இல்லாமல் முடியாது என்பவர்கள் மற்ற எல்லாம் குடியேறிய பிறகு, கடைசியாக, முடிந்தால் சிறிய அளவில் வாங்கி விடட்டும்.

இந்தத் திட்டத்தின் குறை ஏற்கெனவே சொன்னதுதான்: பெண்கள் இல்லாததால் நிறம் சற்றே இறங்கும். ஆனால் அண்டையில் வேறு ஆண்கள் இருப்பதால் தனியாக வாழும் ஆண் அளவுக்கு மங்குவதில்லை. மிரட்டுவதற்கும் நிறம் வேண்டியிருக்கிறது. இன்னொரு குறை உணவு. ஃபேரி ராஸ் நீரோட்டத்தில் மிதந்து வரும் சிற்றுயிர்களை நாள் முழுவதும் கொத்தித் தின்று பழகியவை. ஒரே வேளையாகக் கொட்டினால் மெலியும். மைசிஸ், ஆர்ட்டீமியா, கோபிபாட் என்று இறாலின் உறவான பொடி உயிர்களை ஒரு நாளைக்கு மூன்று முறையாவது பிரித்துப் போட வேண்டும். நான்கு ஆண்களுக்கு இப்படிப் போட்டால் தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும். கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் அதற்குத் தகுந்த திறனில் இல்லாவிட்டால் பவளத்தில் அதன் விளைவு தெரியும். பசி ஏறினால் சண்டையும் ஏறும் என்பதால், தண்ணீரைக் காப்பாற்ற உணவைக் குறைப்பதும் வழியல்ல.

மணலில் தூங்குபவை

இதுவரை சொன்ன இரண்டு வகைகளும் இரவில் பாறை இடுக்கில் நுழைந்து, சளியால் ஓர் உறை பின்னிக்கொண்டு அதற்குள் தூங்குபவை. விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடித் தாள்போல் அந்த உறை தெரியும். மூன்றாவது தேர்வு முற்றிலும் வேறு பழக்கம் கொண்டது. ஹாலிகோரஸ் என்ற பேரினத்தின் மீன்களும் லெப்பர்ட் ராஸும் மணலுக்குள் புதைந்து தூங்குபவை. தொட்டியின் தரை வெறும் கண்ணாடி என்றால் இந்தப் பகுதியை அப்படியே தாண்டிப் போய்விடலாம். அவற்றுக்கு அங்கே வேலை இல்லை. மணல் இருக்கிறது என்றால் அது பொடியாகவும் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். உடைந்த பவளச் சரளையில் தலைகீழாகப் பாய்கிற மீனின் வாயும் செதிலும் கிழிந்துவிடும்.

ஹாலிகோரஸில் மஞ்சள் ராஸ்தான் எல்லோருக்கும் தெரிந்த முகம். எலுமிச்சை மஞ்சள் உடல், முதுகுத் துடுப்பில் கரும்புள்ளி, 12 சென்டிமீட்டர் வளர்ச்சி, பெரும்பாலும் சாந்த குணம். மெலானூரஸ் அதே அளவு. நீலமும் ஆரஞ்சுமாக வரிகள். குணத்தில் ஒரு படி காரம். இரண்டுக்கும் உள்ள தனி மதிப்பு அவை செய்யும் வேலையில் இருக்கிறது. பாறையை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து தட்டைப்புழு, சிறிய முள்புழு, சிப்பியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் குட்டி நத்தை ஆகியவற்றைத் தின்னும். அதே வாய் அலங்கார நத்தைக் குஞ்சுகளையும் குட்டி ஹெர்மிட் நண்டுகளையும் விசிறிப்புழுவையும் விட்டுவைக்காது. வேண்டாத உயிரை மட்டும் தின்னும் மீன் என்று ஒன்று கிடையாது.

இரண்டு மஞ்சள் ராஸைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒன்று பெரிதாகவும் மற்றொன்று தெளிவாகவே சிறியதாகவும் இருந்தால் சேர்க்கலாம். பெரியது ஆணாகும், சிறியது பெண்ணாகவே அடங்கியிருக்கும். ஒரே அளவில் இரண்டை வாங்கினால் இரண்டும் ஒரே பதவிக்குப் போட்டியிடும்.

லெப்பர்ட் ராஸ் அழகில் இவை எல்லாவற்றையும் விட நுட்பமானது. பெண்ணின் வெள்ளை உடலில் கரும்புள்ளிகள். ஆணிடம் அவை சிவப்பும் பச்சையுமாக மாறிப் போகும். கூட்டாக வளர்க்கவும் ராஸ்களில் இதுவே ஏற்றது: இரண்டு மூன்று சிறிய பெண்களை ஒன்றாக விட்டால் பெரியது ஆணாகி, மற்றவை சண்டையின்றிப் பின்னால் திரியும். முதல் திட்டத்தில் நம் காலை வாரிய பால் மாற்றம் இங்கே நம் பக்கம் வேலை செய்கிறது. ஆண் யார் என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை; அவையே முடிவு செய்துகொள்ளும்.

அப்படியானால் எல்லோரும் ஏன் லெப்பர்ட் வைப்பதில்லை? உயிரோடு நிலைநிறுத்துவதுதான் பாடு. கடலில் அது பாறையின் மேற்பரப்பில் ஃபொராமினிஃபெரா போன்ற நுண்ணுயிர்களைப் பொறுக்கித் தின்கிறது. புதிதாக வந்த மீனுக்கு மிதந்து வரும் மைசிஸ் உணவாகவே தெரிவதில்லை. குறைந்தது எட்டு மாதம் ஓடிய, கண்ணாடியில் கோபிபாட் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிற தொட்டி இல்லாமல் இதைத் தொடக் கூடாது. பயணத்தில் பையின் அடியில் மணல் இருப்பதாக நினைத்து முட்டி முட்டி வாய் புண்ணாகி வருபவை நிறைய. வாங்கும் முன் வாயைப் பாருங்கள். பிறகு அதைச் சாப்பிடச் சொல்லிப் பாருங்கள். சாப்பிடாத லெப்பர்டை இரக்கப்பட்டு வாங்குவது அந்த மீனுக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல.

தொட்டியில் விட்ட கணத்தில் அது மணலுக்குள் பாயும். வால் நுனி மறைந்த இடத்தில் சிறு குழி மட்டும் இருக்கும். அதுவும் நீரோட்டத்தில் சில நிமிடங்களில் சமமாகிவிடும். அதன்பின் நாள்கணக்கில் வெளியே வராது. வந்த கடலின் பகலிரவுக் கணக்குதான் இன்னும் அதன் உடம்பில் ஓடிக்கொண்டிருக்கும்; நம் நள்ளிரவில் எழுந்து நம் காலையில் தூங்கப் போகலாம். செத்துவிட்டதோ என்று மணலைக் கிளறுவதுதான் பலர் செய்யும் கொலை. ஒரு வாரமானாலும் கையை வெளியிலேயே வைத்திருங்கள்.

கலந்து வைப்பது

நான்காவது தேர்வு மேலே சொன்ன மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுப்பது. 4 அடி நீளம், சுமார் 400 லிட்டர் தொட்டிக்கு: நடுத்தரக் குணமுள்ள ஆண் ஃபேரி ராஸ் ஒன்று அல்லது இரண்டு, ஃபிளாஷர் ஆண் ஒன்று, மஞ்சள் ராஸ் ஒன்று, தொட்டி முதிர்ந்த பிறகு இரண்டு லெப்பர்ட். என் வாக்கு இதற்குத்தான்.

காரணம், இவை சந்திக்கும் இடங்கள் குறைவு. ஃபேரி ராஸ் மேல் நீரோட்டத்தில் உணவு பிடிக்கும். ஃபிளாஷர் அதற்குக் கீழே, பாறை ஓரமாக. ஹாலிகோரஸ் பாறையிலும் மணலிலும் வேட்டையாடும். லெப்பர்ட் யாரையும் கண்டுகொள்ளாமல் பாறையைக் கொத்திக்கொண்டே போகும். இரவில் பாதிப் பேர் பாறையில், பாதிப் பேர் மணலில். உருவமும் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. பால் மாற்றக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலும் இதில் எதிர்பாராத திருப்பம் இல்லை: ஆண்கள் ஏற்கெனவே ஆண்கள், லெப்பர்டில் ஒன்று ஆணாகும் என்பது நாமே எதிர்பார்த்துச் செய்தது. ஒரே பேரினத்தில் நான்கு மீன் என்பதைவிட நான்கு பேரினத்தில் ஒவ்வொன்று என்பது சேகரிப்பவர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும்; ஃபேரி ராஸ்களின் பேரினமான சிர்ரிலாப்ரஸில் மட்டும் சுமார் 60 இனங்கள் இருக்கின்றன, மாலத்தீவிலிருந்து 2022இல் பெயர் சூட்டப்பட்ட ஃபினிஃபென்மா வரை ஒவ்வொன்றும் கை நீட்டி அழைக்கும். ஆசைக்கு எல்லை போட முடியாதவர்கள் இரண்டாவது திட்டத்துக்கே போகட்டும். அதுவும் தவறான முடிவல்ல.

சிறிய தொட்டியும் சிக்ஸ்லைனும்

100 லிட்டருக்கு ஒட்டிய தொட்டிக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பொசம் ராஸ் ஒன்று, அல்லது ஒன்றாகவே விடும் ஜோடி. பாறை இடுக்குகளில் மெல்ல மெல்ல ஊர்ந்து கோபிபாட் தேடும் கூச்ச சுபாவி, துள்ளாது, துரத்தாது. கண்ணில் அதிகம் படாது என்பதுதான் குறை. அதோடு வேறு துறுதுறுப்பான ராஸ் எதையும் சேர்த்தால் உணவுப் போட்டியில் இது தோற்றுப்போகும்.

அந்த இடத்தில் பெரும்பாலோர் வாங்குவது சிக்ஸ்லைன் ராஸ். எளிதாகக் கிடைக்கிறது, எதையும் தின்கிறது, சுலபத்தில் நோயில் விழுவதில்லை, ஊதா உடலில் ஆறு ஆரஞ்சுக் கோடுகளுடன் அழகாகவும் இருக்கிறது. தனி ராஸாக வைத்துக்கொள்ள மிக நல்ல மீன். கூட்டணிக்கு இதைவிட மோசமான தேர்வு எனக்குத் தெரியவில்லை. விரலளவு இருந்துகொண்டு தன்னைப்போல் இரண்டு மடங்கு ஃபேரி ராஸை ஓய்வில்லாமல் துரத்தும். சில மாதங்கள் சாதுவாக இருந்து பிறகு திடீரென்று திரும்புவதால் ‘என் சிக்ஸ்லைன் அப்படியில்லை’ என்று சாட்சி சொல்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். எதிர்காலத்தில் வேறு ராஸ் வாங்கும் எண்ணம் சிறிதளவாவது இருந்தால் இதை விட்டுவிடுங்கள். பாறைக்குள் நுழைந்துவிட்டால் பிடித்து வெளியே எடுக்கத் தொட்டியையே பிரிக்க வேண்டியிருக்கும்.

வேறு சில பெயர்கள் ஒப்பீட்டுக்கே வரத் தேவையில்லை. டிராகன் ராஸ் குட்டியாக இருக்கையில் மிதக்கும் பாசித் துணுக்குபோல் கவர்ச்சியாக இருக்கும். 30 சென்டிமீட்டர் வளர்ந்து பாறைகளையும் அவற்றின் மேல் ஒட்டிய பவளங்களையும் புரட்டிப் போடும். லூனார் ராஸ் இறாலை உயிரோடு விடாது. கிளீனர் ராஸ் மற்ற மீன்களின் ஒட்டுண்ணியை நம்பி வாழ்வது. வீட்டில் பெரும்பாலும் பட்டினியில் முடியும். அதை வாங்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம்.

வரிசை

எந்தத் திட்டமானாலும் பாதி வெற்றி யாரை எப்போது விடுகிறோம் என்பதில் இருக்கிறது. முதலில் வந்த மீன் வீட்டுக்காரர், பிறகு வருவது குடித்தனக்காரர். இந்த உறவு எளிதில் மாறாது. ஆகவே சாதுவை முதலில், முரடனைக் கடைசியில். நான் சொன்ன கலப்புக் கூட்டணியில் ஃபிளாஷர் முதலில், அடுத்து ஃபேரி ராஸ், அதன்பின் மஞ்சள் ராஸ். லெப்பர்ட் குணத்தில் சாது என்பதால் அதுதான் முன்னே வர வேண்டும் என்று தோன்றும். ஆனால் தொட்டி முதிரும்வரை அதற்குச் சோறு இல்லை; கடைசியாகத்தான் வர முடியும். மற்ற ராஸ்கள் அதைப் பெரும்பாலும் சட்டை செய்வதில்லை என்பதால் இதில் ஆபத்து குறைவு.

இரண்டு ஃபேரி ராஸ் என்று முடிவு செய்திருந்தால் இரண்டையும் ஒரே நாளில் விடுவது நல்லது. யாருக்கும் உரிமை இல்லாத இடத்தில் யாரும் வீட்டுக்காரர் இல்லை. முடியாதபோது துளையிட்ட கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டுப் புதிய மீனை அதில் வையுங்கள். பழைய மீன் முதல் நாள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து துடுப்பை விரிக்கும். மூன்றாம் நாள், நான்காம் நாள் அலுத்துப்போய்த் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அந்த அலுப்பு வந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். நாள் கணக்கு முக்கியமில்லை. ஒரு வாரமானாலும் அது சீறிக்கொண்டிருந்தால் பெட்டி மூடியே இருக்கட்டும். மணலில் தூங்கும் மீன் என்றால் பெட்டிக்குள் ஒரு கிண்ணம் மணல் அவசியம். புதிய மீனை நோய்க்காகக் கண்காணித்து வைக்கும் தனிமைத் தொட்டிக்கும் இதே விதிதான்.

பெட்டியிலிருந்து வந்த பிறகும் கடி தொடர்ந்தால், அடி வாங்குகிற மீனைத்தான் எல்லோரும் வெளியே எடுக்கிறார்கள். எடுக்க வேண்டியது அடிக்கிறவனை. அதைச் சில நாள் அந்தப் பெட்டியிலேயே சிறை வைத்துவிட்டு, மற்றவை தொட்டியைப் பங்கிட்டுக்கொண்ட பிறகு மறுபடி விட்டால், இப்போது அது புதிதாக வருபவன். பல சமயம் இது வேலை செய்கிறது. இரண்டாம் முறையும் திருந்தாத ஆணுக்கு வேறு வீடு பார்ப்பதைத் தவிர வழியில்லை.

கடைசியாக மூடி. துரத்தப்படும் ராஸ் மேல்நோக்கித்தான் தப்பிக்கும், துரத்தப்படாததும் விளக்கு சட்டென்று அணைந்தால் துள்ளும். ஃபேரி, ஃபிளாஷர், ஹாலிகோரஸ், லெப்பர்ட் எல்லாமே இதில் ஒன்று. 6 மில்லிமீட்டர் கண் கொண்ட வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தொட்டியின் மேற்பரப்பு முழுவதையும் மூட வேண்டும். குழாய் நுழைகிற வெட்டும், ஒயர் இறங்குகிற மூலையும், உணவு போடத் திறந்து மறந்த ஓட்டையும் இதில் அடக்கம். ஃபிளாஷர் ராஸின் உடல் தடிமனுக்கு ஒரு விரல் இடைவெளி போதும். முதல் மீனை வாங்குவதற்கு முன்பே வலை தயாராக இருக்கட்டும். புதிய மீன்கள் துள்ளுவது பெரும்பாலும் முதல் சில இரவுகளில்தான்.